மோட்டார் சைக்கிளும் தனிமையும்

வழிப்பயணம் என்றால் துணை வேண்டும் என்பது நம் நாட்டில் ஊறிப்போன எண்ணம். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். பரிசு பெற்று மீண்ட ஒருவன், இனிப் பரிசு பெறப் போகின்ற மற்றொருவனுக்கு வழி சொல்லுகின்ற முறையில் அமைந்தவை அவை. அவற்றில் வருகின்ற பாணனும் பொருநனும் கூத்தனும் தனியே நடப்பதில்லை. யாழைச் சுமந்துகொண்டு, பசித்த சுற்றத்தையும் உடன் அழைத்துக்கொண்டு நடக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் வருகின்ற எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அப்படியானால் சென்னைக்குத் தெற்கேயுள்ள இந்தக் கடற்கரை வழி, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கூட்டமாக மனிதர்கள் நடந்து தேய்த்த வழி என்று சொல்லலாம்.

அவர்கள் கூட்டமாகச் சென்றதற்குக் காரணம் இருந்தது. கள்வர் உண்டு, விலங்கு உண்டு, இருள் உண்டு. இன்று அந்த வழியில் தார்ச்சாலை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பத்துக் கல் தொலைவுக்குள் ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. ஆயினும் கூட்டம் மட்டும் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் நின்று பார்த்தால் தெரியும். பத்து, இருபது, சில வேளைகளில் ஐம்பது மோட்டார் சைக்கிள்கள் ஒரே வரிசையாக, ஒரே வகைச் சட்டை அணிந்தவர்களைச் சுமந்துகொண்டு, புதுச்சேரியை நோக்கி விரைகின்றன. அந்தக் காட்சி கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், அந்த வரிசையில் சேராமல் தனியே செல்லுகின்ற ஒருவனின் இன்பத்தைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

நான் சிறுசேரியில் குடியிருப்பவன். பழைய மகாபலிபுரம் சாலை என்று வழங்கிய பெருவழி, இன்று இராஜீவ் காந்தி சாலை என்ற பெயர் தாங்கி நிற்கிறது. அச்சாலையில் நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே உள்ளது எங்கள் ஊர். ஏரியும் வயலும் பனையுமாக இருந்த இடத்தில் சிப்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. காலை எட்டு மணிக்குமேல் அங்கே வந்து நின்றால், கண்ணாடிக் கட்டடங்களை நோக்கிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மனிதர்களைக் கொண்டுவந்து இறக்குவதைக் காணலாம். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரைக்கும் மெட்ரோ இரயில் வழியும் திட்டமிட்டிருக்கிறார்கள். கூட்டமாக வந்து, கூட்டமாக வேலை செய்து, கூட்டமாகத் திரும்புகின்ற ஊர் இது. இதே பூங்காவினுள்தான் 2005-ஆம் ஆண்டு முதல் சென்னைக் கணிதக் கழகமும் இயங்கி வருகிறது. கணக்குப் போடுகிறவர்களுக்காவது தனிமையின் அருமை தெரிந்திருக்கும் என்று எண்ணி, அதன் வாயிலைக் கடக்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் உறவு கொண்டாடிக்கொள்வது என் வழக்கம்.

என் வண்டி ஒரு பழைய புல்லட். இரண்டாம் கையாக வாங்கியது. மாணவர்களுக்கு அதன் வரலாறு சுவையாக இருக்கும். புல்லட் என்ற பெயரோடு மோட்டார் சைக்கிள் முதலில் பிறந்தது இங்கிலாந்தில், 1932-இல். 1955-இல் ரெட்டிச்சு நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன. அதன் பயனாகத் திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. பின்னாளில் இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. திருவொற்றியூர் நின்று நிலைத்தது. தாய்வீடு அழிந்தபின்னும் புகுந்த வீட்டில் குலம் தழைத்ததுபோல, அந்த இயந்திரம் நம் ஊரிலேயே தொடர்ந்து உருவாகி வந்தது.

பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்புவது ஒரு கலை. பெட்ரோல் குழாயைத் திறந்து சாவியைத் திருப்ப வேண்டும். பிறகு, உதைகோலை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே விளக்குக் கூட்டின்மேல் உள்ள ஆம்மீட்டர் முள்ளைக் கவனிக்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வந்து நிற்கும் ஒரு கணம் உண்டு. பிஸ்டன் உச்சிக்கு அருகில் வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். உடனே இடக்கைப் பக்கத்து டிகம்ப்ரஸர் நெம்புகோலை இழுத்து, சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றை வெளியேற்றி, உதைகோலை இன்னும் சிறிது கீழே இறக்க வேண்டும். நெம்புகோலை விட்டுவிட்டு, உதைகோலை மேலே வரவிட்டு, பிறகு ஒரே உதை. முறையாகச் செய்தால் குழந்தைகூடக் கிளப்பலாம். முறை தவறினால் மல்லனும் வியர்த்துப்போவான். இதைச் செய்கிறபோது பக்கத்தில் பத்துப் பேர் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் முள் எங்கே நிற்கிறது என்பதே கண்ணில் படாது. தனியே இருப்பவனுக்கு முள்ளும் தெரியும்; இயந்திரத்தின் மூச்சும் கேட்கும்.

நான் பெரும்பாலும் செல்லுகின்ற வழியைச் சொல்லுகிறேன். சிறுசேரியிலிருந்து தெற்கே கேளம்பாக்கம், அங்கிருந்து திருப்போரூர், பிறகு பூஞ்சேரி. மாமல்லபுரத்தின் வாசலில் வலப்புறம் திரும்பித் திருக்கழுக்குன்றம், அப்பால் செங்கற்பட்டு. அங்கிருந்து திருச்சிப் பெருஞ்சாலை வழியாக வண்டலூர். வண்டலூரிலிருந்து மாம்பாக்கம் வழியாக மீண்டும் கேளம்பாக்கம். முழுச் சுற்றும் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகும். விடிவதற்கு முன் புறப்பட்டால் காலைச் சிற்றுண்டிக்கு வீடு வந்துவிடலாம்.

கேளம்பாக்கத்தில் சில நாள் வழி மாறுவேன். இடப்புறம் கோவளத்துக்குச் செல்லுகின்ற சாலை உப்பங்கழியின் குறுக்கே போகிறது. இருபுறமும் தண்ணீர். உப்பளங்களின் பாத்திகள் விடியல் வெளிச்சத்தில் சிலேட்டுப் பலகைகள்போல் விரிந்து கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் பூநாரைகள் வந்து இறங்கும். கூழைக்கடா வரும், மஞ்சள்மூக்கு நாரை வரும், சிவந்த குச்சிக்கால்களை ஊன்றிக்கொண்டு நெடுங்கால் உள்ளான் நிற்கும். மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்று இயந்திரம் அடங்கினால் இப்பறவைகள் பறப்பதில்லை. சிறிது தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் சேற்றைக் கிளறத் தொடங்கிவிடும். பன்னிரண்டு வண்டிகள் வந்து நின்றபோது என்ன நிகழ்ந்தது என்பதையும் நான் கண்டிருக்கிறேன். கரையோரமாக இருந்தவை அத்தனையும் எழுந்து, கழியின் மறுகோடியில் வெள்ளைப் புள்ளிகளாகப் போய் இறங்கின. வந்தவர்கள் இங்கே பறவையே இல்லையே என்று சொல்லிக்கொண்டு திரும்பினார்கள்.

காரில் செல்பவனுக்குத் தட்பவெப்பம் என்பது ஒரு பொத்தான். மோட்டார் சைக்கிளில் செல்பவனுக்கோ அது நிலத்தின் பேச்சு. திருப்போரூரைக் கடந்து தெற்கே செல்லுகையில் ஏரிக்கரையோரம் சாலை சற்றுத் தாழ்கின்ற இடங்கள் வரும். இரவின் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்கி நிற்பதால், அங்கே நுழைந்தவுடன் சட்டைக்குள் தண்ணீர் ஊற்றியதுபோல் இருக்கும். மேட்டில் ஏறினால் மீண்டும் வெதுவெதுப்பு. மணமும் அப்படித்தான். கடற்பக்கம் உப்பும் கருவாடும். சவுக்குத் தோப்பருகே உலர்ந்த இலைச்சருகு. வயற்பக்கம் நனைந்த வைக்கோல். ஊருக்குள் நுழைந்தால் முதல் அடுப்பின் புகையும், கடையில் கொதிக்கின்ற பாலும். கண்ணைக் கட்டிக்கொண்டு இந்த வழியில் யாரேனும் என்னை அழைத்துச் சென்றாலும், எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை மூக்கைக் கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடுவேன்.

தனியே செல்வது என்றால் சிந்தனையில் ஆழ்ந்து செல்வது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் சிந்தித்தால் இரண்டாவது கிலோமீட்டரில் பள்ளத்தில் விழ வேண்டியதுதான். மோட்டார் சைக்கிளின் இயல்பு வேறு. அது எப்பொழுதும் நம் கவனத்தில் ஒரு பெரும்பங்கைக் கேட்டுக்கொண்டே இருக்கும். வளைவில் இடப்புறம் திரும்ப வேண்டுமானால் இடக்கைப் பிடியை மெல்ல முன்னோக்கி அழுத்த வேண்டும், முன்சக்கரம் ஒரு கணம் வலப்புறம் நழுவ, வண்டி இடப்புறம் சாயும், சாய்ந்தபின் திரும்பும். சைக்கிள் ஓட்டுகின்ற ஒவ்வொரு பிள்ளையும் இதைத் தன்னை அறியாமலே செய்கிறது. வேகம் மிகுந்த வண்டியிலோ இதை அறிந்து செய்ய வேண்டும். இப்படிக் கையும் காலும் கண்ணும் காதும் வேலையில் இருக்கும்போது, நேற்று அலுவலகத்தில் ஒருவர் சொன்ன சொல்லும், நாளை கட்டவேண்டிய தவணையும் உள்ளே நுழைய இடமில்லாமல் வெளியே நின்றுவிடுகின்றன. தியானத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் எனக்குத் தராத அமைதியைப் பூஞ்சேரிக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையே பெற்றிருக்கிறேன். இதைப் பெரியோர் மறுக்கலாம். எனக்கு வழக்காட விருப்பமில்லை.

நின்ற இடத்தில் நிற்கும் உரிமையும் தனியனுக்கு உண்டு. திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் வேதகிரீசுவரர் கோயில். ஊருக்குள் சங்கு தீர்த்தம் என்ற பெரிய குளம். அந்தப் படிக்கட்டில் நான் ஒரு நாள் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். மற்றொரு நாள் ஒன்றரை மணி நேரம். இரண்டுக்கும் நான் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தோடு சென்றால் நிற்குமிடம் முன்பே முடிவாகியிருக்கும். அது பெரும்பாலும் உணவு விடுதியாகத்தான் இருக்கும்.

கூட்டத்தைப் பற்றி இப்படிச் சொல்லுகிறானே, இவன் கூட்டத்தோடு சென்றிருக்கிறானா என்று நீங்கள் கேட்கலாம். சென்றிருக்கிறேன். நல்ல மனிதர்கள் அவர்கள். பஞ்சர் ஒட்டுவதிலும் சங்கிலியை இறுக்குவதிலும் எனக்குத் தெரிந்தவற்றில் பாதி அவர்களிடம் கற்றவை. ஆனால் கூட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அது மனிதர்களின் குணத்தைப் பொறுத்ததன்று. மாணவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

10 வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் முன்வண்டிக்கும் இடையே 2 விநாடி இடைவெளி வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் இடையே 9 இடைவெளிகள்; ஆக 18 விநாடி. 60 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். எனவே வரிசையின் நீளம் 300 மீட்டர். இப்போது முதல்வர் ஓர் ஊருக்குள் வேகத்தைக் குறைத்து, ஊர் தாண்டியதும் மீண்டும் கூட்டுகிறார். அதைக் கண்டு அடுத்தவர் கூட்டுவதற்கு ஒரு விநாடி தாமதம். அவரைக் கண்டு அதற்கு அடுத்தவருக்கு மேலும் ஒரு விநாடி. கடைசி வண்டிக்குச் சேர்ந்த தாமதம் 9 விநாடி. முன்னிருந்த இடைவெளிக்கு மேல் இது 150 மீட்டர் பின்னடைவு. அதை ஈடுகட்ட வேண்டுமானால், முதல்வர் 60-இல் போய்க்கொண்டிருக்கையில் கடைசி ஆள் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய அரை நிமிடம் ஓட வேண்டும். முதல்வர் நிதானமானவர், யாரையும் விரட்டியதே இல்லை என்று சத்தியம் செய்வார், அது உண்மையுங்கூட. ஆனாலும் கடைசி ஆள் விரட்டப்படுகிறான். பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள்தான் கூட்டத்தில் புதியவன், வயதில் இளையவன்.

நான் சென்ற ஒரு கூட்டப் பயணத்தில் எனக்கு முன்னே ஓர் இளைஞன் சென்றான். வரிசையில் அவன் கடைசிக்கு முந்தியவன், நான் கடைசி. திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே, வளைவு ஒன்றில் சாலையோரத்து மணல் தார்மேல் பரவிக் கிடந்தது. தனியே வருகிறவன் அந்த வளைவின் வாயிலைக் கண்டு வேகத்தைக் குறைத்திருப்பான். அந்தப் பிள்ளையின் கண்கள் வளைவில் இல்லை. தூரத்தில் மறைந்துகொண்டிருந்த முன்வண்டியின் சிவப்பு விளக்கில் இருந்தன. முன்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒருபக்கமும் அவன் ஒருபக்கமுமாகப் போய் விழுந்தார்கள்.

தலைக்கவசம் தலையைக் காத்தது. காறை எலும்பு முறிந்திருந்தது. நான் 108-ஐ அழைத்துக்கொண்டிருக்கும்போதே, வயலில் களை பறித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வரப்பின்மேல் ஓடி வந்தார்கள். ஒருவர் தம் முந்தானையை விரித்து அவன் முகத்துக்கு நிழல் பிடித்தார். மற்றவர், "அசையாதே கண்ணு, அசையாதே" என்று சொல்லிக்கொண்டே அவன் கையைத் தாங்கிக்கொண்டார். ஊர்தி வரும்வரையில் அவர்கள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எங்கள் கூட்டத்தின் முன்பகுதியினர் பல கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடையில் இறங்கித் தலைகளை எண்ணியபோதுதான் இரண்டு குறைவதைக் கண்டார்கள்.

இந்த நிகழ்ச்சியை இரண்டு வகையாகவும் படிக்கலாம். நான் பின்னால் வந்ததால் அன்றோ உடனே உதவி கிடைத்தது, இதற்குத்தானே கூட்டம் வேண்டும் என்பது என் நண்பர்களின் வாதம். கூட்டம் இல்லையென்றால் அந்தப் பிள்ளை அந்த வேகத்தில் அந்த வளைவுக்கு வந்தே இருக்கமாட்டான் என்பது என் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அவன் இன்று நலமாக இருக்கிறான், மீண்டும் ஓட்டுகிறான், கூட்டத்தோடுதான் ஓட்டுகிறான். அவனுக்கு என் கணக்குப் பிடிபடவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, உறவு முறியவில்லை.

கூட்டம் கட்டாயமாக வேண்டிய இடங்களும் உள்ளன. இலடாக்கில் 5,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களில் மூச்சுத் திணறும். பனிநீர் ஓடைகள் சாலையின் குறுக்கே பாயும். அடுத்த ஊர் அரைநாள் தொலைவில் இருக்கும். அங்கே துணையில்லாமல் செல்வதை வீரம் என்று நான் சொல்லமாட்டேன். நான் பேசுவது நம் ஊர்ப் பக்கத்துச் சாலைகளைப் பற்றி. இங்கே களைபறிக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

தனியே ஓட்டுவதில் பெரும் பித்துக்கொண்டவர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அரேபிய நாட்டுப் போரில் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் அவர். புகழுக்கு அஞ்சிப் பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் சாதாரண வீரராகச் சேர்ந்தவர். பிரஃப் சுப்பீரியர் என்ற விலையுயர்ந்த மோட்டார் சைக்கிள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வைத்திருந்தார். ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் ஒன்றோடு தரையில் பந்தயம் விட்ட கதையை அவரே எழுதியிருக்கிறார். 1935 மே மாதம், தம் குடிலுக்கு அருகே, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமல் விலகப்போய்த் தூக்கியெறியப்பட்டார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, மே 19-ஆம் நாள், தம் 46-ஆம் வயதில் இறந்தார்.

அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஹியூ கெயின்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர் ஒருவர். அவர் பின்னர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கினார். தலைக்கவசம் உயிர் காக்கிறது என்பதை விளக்கிய அவருடைய கட்டுரை 1941-இல் வெளிவந்தது. பிரிட்டிஷ் இராணுவத்தில் செய்தி கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் கவசம் அணிய வேண்டும் என்ற கட்டளைக்கு அந்த ஆராய்ச்சி துணைநின்றது. இன்று நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு அதையே சொல்லுகிறது. கூட்டத்தில் செல்பவனுக்காவது விழுந்தால் தூக்கப் பத்துப் பேர் வருவார்கள். தனியே செல்பவனுக்குக் கவசமே முதல் துணை. வாரைக் கட்டாமல் தலையில் வெறுமனே கவிழ்த்துக்கொண்டு போவதைக் கவசம் அணிவதாக எண்ணிக்கொள்ளும் இளைஞர்களைத் தாம்பரத்தில் தினமும் காண்கிறேன். அது தலைக்கு முன்னே உருண்டு ஓடத்தான் பயன்படும். கியர் உள்ள வண்டியை ஓட்டப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும், இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பள்ளி மாணவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். அதுவரை சைக்கிள் இருக்கிறது. நான் சொல்லுகின்ற இன்பத்தில் முக்கால் பங்கு அதிலேயே கிடைக்கும்.

உலகத்தையே தனியாகச் சுற்றி வந்தவர்களும் உண்டு. தமிழர்களுக்கு ஏ. கே. செட்டியாரின் பெயர் நினைவுக்கு வரும். காந்தியடிகளைப் பற்றிய படத்துணுக்குகளைத் தேடிக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து, 1940-இல் தம் படத்தை வெளியிட்டவர் அவர். கப்பலும் இரயிலுமே அவருடைய ஊர்தி. மோட்டார் சைக்கிளில் அதுபோல் அலைந்தவர் டெட் சைமன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர். 1973-இல் இலண்டனிலிருந்து 500 சி.சி. டிரையம்ஃப் வண்டியில் புறப்பட்டு, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று சுற்றி, 1977-இல் வீடு திரும்பினார். சென்ற தொலைவு ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். எழுபது வயதை நெருங்குகையில், 2001-இல் மீண்டும் அதே வழியில் கிளம்பினார் என்பதுதான் எனக்குப் பெரும் வியப்பு.

இத்தகையோரின் அனுபவத்திலிருந்து ஒன்று தெரிகிறது. தனியே வருபவனிடம்தான் ஊரார் பேசுகிறார்கள். பத்துப் பேர் ஒன்றாக வந்து இறங்கினால் அது ஒரு படை. ஊர் சற்று விலகி நின்று வேடிக்கை பார்க்கும். ஒருவன் வந்து இறங்கினால் அவன் விருந்தாளி. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் அருகே ஒரு முறை நான் வண்டியை நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வந்து அருகில் குந்தினார். பிளக்கை வாங்கிப் பார்த்தார். தம் படகின் இயந்திரத்துக்கும் இதே நோய்தான் என்றார். பிறகு சுறா மீனைப் பற்றியும், கரை ஆண்டுதோறும் பின்வாங்குவதைப் பற்றியும், துபாயில் இருக்கும் மகனைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினார். தனிமையைத் தேடிப் புறப்பட்ட எனக்குக் கிடைத்தது இது. தனிப் பயணத்தில் தனிமை சாலையில் மட்டுந்தான். நின்ற இடத்திலெல்லாம் மனிதர்கள்.

இவற்றையெல்லாம் நான் ஒருநாள் என் தமக்கையின் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் தாம்பரத்தில் இருக்கிறார்கள். தமக்கையின் மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நாள்தோறும் ஸ்கூட்டரில் கல்லூரிக்குச் சென்று வருகிறாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "மாமா, நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு தேநீர்க் கடையில் தனியாக நிற்பது உங்களுக்கு இன்பம். எனக்கு அது கணக்கு. கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள், வண்டி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, எத்தனை விநாடியில் கிளப்பலாம் என்று எண்ணிக்கொண்டே குடிக்கிற தேநீரில் என்ன சுவை இருக்கும்?"

எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. எல்ஸ்பெத் பியர்டு என்ற கட்டடக்கலை மாணவியின் கதையைச் சொன்னேன். அவர் 1982-இல் ஒரு பழைய பி.எம்.டபிள்யூ மோட்டார் சைக்கிளில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, இந்தியாவையும் கடந்து, 1984-இல் உலகைச் சுற்றித் திரும்பினார். 50,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் ஆங்கிலப் பெண்மணி அவர். அவருடைய நூல் வெளிவந்ததோ 2017-இல்தான். "பார்த்தாயா?" என்றேன். "அவர் எண்ணாமல் குடித்தார் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?" என்று அவள் கேட்டாள்.

தமக்கை வேறொரு வழி சொன்னாள். தோழியர் நால்வர் ஐவராகச் சேர்ந்து போகட்டும் என்றாள். தாயின் நெஞ்சு அப்படித்தான் சொல்லும். அதைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. ஆனால் கூட்டமாகப் போனால்தான் பெண்ணுக்குச் சாலை உண்டு என்றால், நான் இதுவரை வர்ணித்த பூநாரையும் குளிர்காற்றும் சங்கு தீர்த்தத்துப் படிக்கட்டும் ஆண்களின் சொத்தாகிவிடுகின்றன. இந்தப் பேச்சில் என்னை உறுத்துவது அதுதான். என் இன்பத்தில் ஒரு பங்கு, யாரும் என்னைப் பொருட்படுத்துவதில்லை என்ற சலுகையிலிருந்து வருகிறது. அந்தச் சலுகையை நான் உழைத்துப் பெறவில்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தனியே சென்று வந்தாள். நாலரை மணிக்கல்ல, நன்றாக வெளிச்சம் வந்தபின், ஆறரை மணிக்கு. ஸ்கூட்டரில்தான். தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு வழியாகத் திருக்கழுக்குன்றம். திரும்பவும் அதே வழி. செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் தாயிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் பின்தொடர்ந்து செல்லட்டுமா என்று தமக்கை கேட்டாள். செல்லவில்லை. அன்று காலை என் வண்டியைத் துடைத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். துடைத்த இடத்தையே பலமுறை துடைத்திருப்பேன்.

பத்தரை மணிக்கு அவள் தொலைபேசியில் பேசினாள். பெட்ரோல் போட நின்ற இடத்தில், "யாரம்மா கூட வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார்களாம். சிற்றுண்டிக் கடையில் கேட்டார்களாம். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவும் கேட்டார்களாம். யாரும் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனாலும் சாலையைவிட அந்தக் கேள்விதான் தன்னைக் களைப்படையச் செய்தது என்றாள். திரும்பி வருகையில் செங்கற்பட்டில் கொளவாய் ஏரிக்கு எதிரே வண்டியை நிறுத்தியிருக்கிறாள். ஏரியிலிருந்து காற்று வீசியது. எதிரே இரயில் ஒன்று போயிற்று. தண்ணீரில் நீர்க்காகங்கள் மூழ்கி மூழ்கி எழுந்தன. "எவ்வளவு நேரம் நின்றாய்?" என்று கேட்டேன்.

"தெரியவில்லை மாமா," என்றாள். "அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் எதையும் எண்ணவில்லை."